நாயின் முழங்காலுக்கு வீட்டு பிசியோதெரபி: நாள்பட்ட பயன்பாட்டில் எது தேறியது

முழங்கால் ஜவ்வு கிழிந்த நாய்க்கு வீட்டில் செய்கிற எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது லீஷ் பிடித்த மெதுநடைதான். வேகமாகக் கூட்டிப்போனால் நாய் வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலிலேயே சமாளித்துவிடும். நம் நடையைப் பாதியாகக் குறைத்தால்தான் அந்தக் கால் தரையில் ஊன்றும். தொடைத் தசைக்கும் வேலை கிடைக்கும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு 3 தடவை என்று ஆரம்பித்து, நொண்டல் அதிகமாகாதவரை வாரத்துக்கு 5 நிமிடம் ஏற்றலாம். மறுநாள் காலை எழும்போது விறைப்பு தெரிந்தால் முந்தைய நாள் நடை அதிகம் என்று அர்த்தம். ஏற்றியதைக் குறைத்துவிட வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்திருந்தால் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டிபிஎல்ஓ (கீழ்க்கால் எலும்பை வெட்டி, அதன் சாய்வை மாற்றிப் பொருத்தும் அறுவை) செய்த எலும்பு ஒன்றுசேரவே ஏறக்குறைய 8 வாரம் ஆகும்.

அடுத்தது உட்கார்ந்து எழும் பயிற்சி. பார்க்க எளிது, தப்பாகச் செய்வதும் எளிது. நாய் வலிக்கும் காலைப் பக்கவாட்டில் நீட்டிப்போட்டு உட்காரும். எழும்போது முழு பாரத்தையும் நல்ல காலில் போடும். இதை நூறு தடவை செய்தாலும் வீண். வலிக்கும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினால் கால் வெளியே போகாது. வழுக்காத மேட் கட்டாயம். முழுதாக மடக்க முடியாத நாயைத் தாழ்வான பலகைமேல் உட்காரவைக்கலாம். முதலில் 5 தடவை, பழகியபின் 10. தின்பண்டத்தை மூக்கு மட்டத்தில் காட்டினால் போதும். மேலே தூக்கினால் முன்னங்காலைத் தூக்கித் தாவும். கொடுக்கிற தின்பண்டத்தைச் சாப்பாட்டில் கழிக்காவிட்டால் எடை ஏறி, செய்த பயிற்சியெல்லாம் வீணாகும்.

படுக்கவைத்துக் காலை மடக்கி நீட்டுவது (10 முதல் 15 தடவை) அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் மூட்டு இறுகாமல் காக்கும். நாய் ஒழுங்காக ஊன்றி நடக்க ஆரம்பித்தபின் இதனால் பெரிய பயனில்லை. மடக்கும்போது தலையைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ அதுவே எல்லை.

தண்ணீர் டிரெட்மில் (தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் நடைப் பட்டை) நல்ல சாதனம், ஆனால் நீர் மட்டம்தான் எல்லாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் கால்களில் இறங்கும். இடுப்பு மூட்டு அளவில் 38 சதவீதம்தான். எந்த மட்டம், ஏன் என்று கேட்டால் சிகிச்சையாளர் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அறுவைக் காயம் ஆறும்வரை தண்ணீரில் இறக்கக் கூடாது.

பிரேஸ் (முழங்காலைத் தாங்கக் காலில் கட்டும் பட்டை) குறித்த எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. நாயின் தொடை மேலே அகன்று கீழே குறுகுவதால் பிரேஸ் சரிந்து இறங்கும். உள்ளே கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவுவதை அது முழுதாகத் தடுக்காது. உள்தொடையிலும் குதிகால் தசைநாண் பக்கமும் தோல் உராய்ந்து புண்ணாகும். தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும், இரவில் போடக் கூடாது. அறுவை செய்ய முடியாத வயதான நாய்க்கு ஓரளவு உதவும்.

முன்னேற்றத்தைக் கண்ணால் மட்டும் கணிக்காமல், தையல் டேப்பால் இரண்டு தொடையையும் ஒரே இடத்தில், ஒரே நிலையில் படுக்கவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளக்கலாம். வித்தியாசம் சுருங்கினால் தசை திரும்புகிறது. தேறிவந்த நாய் திடீரென்று நொண்டி, மூட்டில் 'டக்' என்று சத்தமும் கேட்டால் உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கலாம். அது பயிற்சியால் சரியாகாது. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை நாம் சாப்பிடும் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடக் கூடாது.