மினியேச்சர் டிசைன் வெளிய குடுத்து செய்யிறவங்க கவனத்துக்கு: வேட்டிக்குள்ள பூட்ஸ் இருந்துச்சு

வணக்கம் மக்களே. பதிவு கொஞ்சம் நீளம்தான், ஆனா மாசச் சந்தா போட்டு எஸ்டிஎல் ஃபைல் (3டி பிரின்ட் போடுறதுக்கான ஃபைல்) விக்கிறவங்க, விக்கலாம்னு யோசிக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிச்சிருங்க. எனக்கு 1,12,000 ரூபா போச்சு. அதவிட மூணு வருஷமா சேத்து வச்ச பேரு போச்சு, அதுதான் இன்னும் தூங்க விடமாட்டேங்குது.

தெரியாதவங்களுக்கு தொழில் என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். டேபிள்டாப் கேம் விளையாடுறவங்க மேசை மேல நிறுத்தி விளையாடுற சின்னச் சின்ன உருவங்கள நாங்க கம்ப்யூட்டர்ல செதுக்குறோம், 32 எம்எம் ஸ்கேல், கட்டைவிரல்ல பாதி உயரம் வரும். பொருளா எதுவும் அனுப்புறதில்ல, ஃபைல் மட்டும்தான். மாசம் 10 டாலர் கட்டுறவங்க அந்த மாசத்து எட்டு உருவத்த டவுன்லோட் பண்ணி அவங்க வீட்டு ரெசின் (திரவப் பிளாஸ்டிக்) பிரின்டர்ல அடிச்சுக்குவாங்க. இதுல மெர்ச்சன்ட்னு இன்னொரு வகைச் சந்தா இருக்கு, 30 டாலர், அவங்க நம்ம ஃபைல பிரின்ட் போட்டு வெளிய விக்கவும் செய்யலாம், அதுக்கு நாமதான் லைசென்ஸ் குடுக்குறோம். நான் கோயம்புத்தூர்ல இருந்து பண்றேன், ஆனா இது நடக்குறதுக்கு முன்னாடி இருந்த 410 சந்தாதாரர்ல முக்காவாசிப் பேர் அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து.

போன வருஷம் ஒரு தீம் எடுத்தேன், சோழர் கடற்படை. 1025ல ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்து மேல கப்பல் படை அனுப்பினான்ல, அத வச்சு மாலுமி, வில்லாளி, தலைவன், துடுப்புக்காரன்னு 14 உருவம், ரெண்டு மாசத்துக்கு பிரிச்சு விடலாம்னு பிளான். தாராசுரம் கோயிலுக்குப் போயி தூண்ல இருக்குற விரல் நீள சிற்பங்கள எல்லாம் மொபைல்ல குளோஸப்பா எடுத்துட்டு வந்தேன், அவ்வளவு ஆசையா ஆரம்பிச்சது. அப்பதான் அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் வந்துச்சு. ஆஸ்பத்திரியில உக்காந்துட்டு ஸீபிரஷ் சாஃப்ட்வேர்ல செதுக்க முடியுமா, மாசம் முடிஞ்சா ரிலீஸ் வந்தே ஆகணும், ஒரு மாசம் விட்டா சந்தா கேன்சல் பண்ணிட்டுப் போயிடுவாங்க. அதனால ஒரு ஸ்டுடியோகிட்ட வேலைய குடுத்தேன். பேர் போடல, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு.

உருவம் ஒண்ணு 8,000 ரூபா, பாதி முன்பணம், யுபிஐல போட்டேன். பேசின பையன் ரொம்ப மரியாதையா "அக்கா நீங்க அப்பாவ பாருங்க, நாங்க பாத்துக்குறோம்"னு சொன்னான். மூணு நாளைக்கு ஒரு உருவம் வந்துச்சு. எனக்கே ஒரு ஆளு முழுசா செதுக்க எட்டு பத்து நாள் ஆகும், அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. அனுப்புறது எப்பவும் சுத்தி சுத்திக் காட்டுற ஒரு வீடியோ, அப்புறம் டெசிமேட் பண்ணின, அதாவது சைஸ் குறைச்ச எஸ்டிஎல், அவ்வளவுதான். ஒர்க்கிங் ஃபைல் அனுப்புப்பா, சப்டூல் எல்லாம், அதாவது உருவத்தோட ஒவ்வொரு பாகமும் தனித்தனியா இருக்குற ஃபைல்னு ரெண்டு தடவ கேட்டேன், "4 ஜிபி வருதுக்கா, அப்லோட் நிக்கவே மாட்டேங்குது"ன்னான். சரி அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். இந்த ஒரு இடத்துலதான் நான் ஏமாந்தேன், மத்ததெல்லாம் இதுல இருந்து வந்ததுதான்.

இன்னொண்ணு, சப்போர்ட் (பிரின்ட் ஆகும்போது உருவத்தத் தாங்குற குச்சிகள்) போட்டுத் தர்றோம்னு அதுக்கும் சேத்துத்தான் காசு வாங்கினாங்க. டெஸ்ட் பிரின்ட் போட்டா வாள் நுனிக்குக் கீழ சப்போர்ட்டே இல்ல, அந்த நுனி அந்தரத்துல ஆரம்பிச்சு பிளேட்ல ஒட்டாம ரெசின் தொட்டிக்கு அடியில இருக்குற ஃபிலிம்ல அப்பிக்கிச்சு, சுரண்டி எடுக்குறதுக்குள்ள ஃபிலிம் கிழிஞ்சு போச்சு. ஸ்லைசர்ல (ஃபைல பிரின்டருக்குத் தயார் பண்ற சாஃப்ட்வேர்) ஆட்டோ சப்போர்ட் பட்டன அமுக்கிட்டு அப்படியே அனுப்பியிருக்காங்க, ஒரு உருவத்தக்கூட அடிச்சுப் பாக்கல. நைட்டு ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஆறு உருவத்துக்கு நானே திரும்ப சப்போர்ட் போட்டேன். அவ்வளவு நேரம் அந்த உருவங்கள உத்துப் பாத்தும் எனக்கு உறைக்கலயே, அதுதான் வருத்தம்.

முதல் மாச ரிலீஸ் போயி 12 நாள்ல ஸ்பெயின்ல இருந்து ஒரு சிற்பி மெயில் போட்டாரு. தனி ஆளு, என்ன மாதிரியே மாசச் சந்தா நடத்துறவரு. கோவமா ஒரு வார்த்தை இல்ல, ரெண்டு படம் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்பியிருந்தாரு. இடது பக்கம் அவரோட கடற்கொள்ளைக் கேப்டன், 2021ல விட்டது. வலது பக்கம் என்னோட கப்பல் தலைவன். இடுப்புப் பட்டையில வரிசையா ஆணி இருக்கும், அதுல இடது பக்கம் மூணாவது ஆணிய அவரு அப்போ வைக்க மறந்துட்டாராம், அந்த இடம் வழுவழுன்னு இருக்கும். என்னோட தலைவனுக்கும் அதே இடம் வழுவழுன்னு இருந்துச்சு.

கை நடுங்க பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ஃபைல தொறந்தேன். எடிட் மோட்ல போயி எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, ஒட்டாம இருக்குற பாகங்கள தனித்தனியா பிரிக்கச் சொல்லிக் குடுத்தேன். வேட்டி தனியா வந்துச்சு. தலைப்பாகை தனியா வந்துச்சு. வேட்டிய மறைச்சுட்டுப் பாத்தா உள்ள காலுக்கு முழங்கால் உசர பூட்ஸ், பக்கிள் வச்சது! அது மேலயே வேட்டிய சுத்தி, பாதத்துக்கு மட்டும் வெறுங்கால் ஒட்டி, மீசைய மாத்தி அனுப்பியிருக்காங்க. ஒவ்வொண்ணா பாத்தேன், 14ல 9 இப்படித்தான். நான் தாராசுரத்துல எடுத்து அனுப்பின படத்துல இருந்து ஒரு கோடுகூட எடுக்கல.

அவருக்கு உடனே உண்மைய எழுதி ஃபைல எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள அவரு முறைப்படி டிஎம்சிஏ நோட்டீஸும் (அமெரிக்க காப்பிரைட் சட்டப்படி ஃபைல நீக்கச் சொல்றது) குடுத்திருந்தாரு, என் பக்கத்த சந்தா தளத்துக்காரங்க 9 நாள் நிறுத்தி வச்சுட்டாங்க. அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஸ்டுடியோகிட்ட கேட்டா "கவுன்டர் நோட்டீஸ் போடுங்கக்கா, 14 நாள்ல திரும்ப வந்துரும், ஸ்பெயின்காரன் அமெரிக்கா கோர்ட்டுக்கெல்லாம் போகமாட்டான்"னு சொன்னான் அந்தப் பையன். யாராவது இப்படி சொன்னா செய்யாதீங்க. கவுன்டர் நோட்டீஸ்ல, அதாவது நம்ம எதிர் நோட்டீஸ்ல, ஃபைல தப்பா நீக்கிட்டாங்கன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும், பொய்ன்னு தெரிஞ்சே போட்டா அந்த நாட்டு சட்டப்படி குத்தம். திருடினது அவங்க, மாட்டுறது நாம. நான் முடியாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க.

மெர்ச்சன்ட்கள நெனச்சாத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. டவுன்லோட் ஆன ஃபைல திரும்பப் பிடுங்க முடியாது. இங்கிலாந்து லீட்ஸ்ல ஒருத்தர் என் லைசென்ஸ நம்பி 40 செட் அடிச்சு வச்சிருந்தாரு, ரெசின் காசு, நேரம் எல்லாம் அவரோடது. விக்காதீங்கன்னு நான்தான் சொல்லணும். அவருக்கு ஆறு மாசச் சந்தா திருப்பிக் குடுத்தேன், கேட்ட மத்தவங்களுக்கும் அந்த மாசக் காசு குடுத்துட்டேன், இருந்தும் 130 பேர் போயிட்டாங்க.

வக்கீல்கிட்ட போனப்போதான் இன்னொரு விஷயம் தெரிஞ்சுது. "ஃபுல் ரைட்ஸ் உங்களுக்குத்தான்க்கா"ன்னு வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ் மட்டும்தான் என்கிட்ட இருந்துச்சு. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 19வது பிரிவுப்படி உரிமைய மாத்திக் குடுக்குறதுன்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். அப்படி எழுதும்போதும் எத்தன வருஷம்னு போடலன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்குவாங்க, எந்தெந்த நாடுன்னு போடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். என் கஸ்டமர் முக்காவாசி வெளிநாடு! அதாவது அவங்க நேர்மையா செதுக்கிக் குடுத்திருந்தாலும் அத வெளிய விக்க எனக்கு எழுத்துல ஒரு ஆதாரமும் கிடையாது. வேலை குடுக்குற எல்லாரும் இந்த ரெண்டு வரியையும், காலம் முழுக்க, உலகம் முழுக்கன்னு, காகிதத்துல எழுதி கையெழுத்து வாங்கிருங்க.

ஒர்க்கிங் ஃபைல் கைக்கு வராம மீதிப் பணம் குடுக்காதீங்க. செதுக்கினவன்கிட்ட கண்டிப்பா அது இருக்கும், சப்டூல் பிரிஞ்சு, சப்டிவிஷன் லெவல, அதாவது நுணுக்கத்தோட அளவ, கீழ இறக்கினா கரடுமுரடான ஆரம்ப உருவம் தெரியும். எஸ்டிஎல்ல இருந்து திருடினவன்கிட்ட அது இருக்காது. பெருசா இருக்குன்னு சொன்னா ஹார்ட் டிஸ்க்ல போட்டு கூரியர்ல அனுப்பச் சொல்லுங்க, செலவு நீங்களே குடுங்க.

அப்பா இப்போ நடக்குறாரு. தலைவன நானே முதல்ல இருந்து செதுக்கிட்டு இருக்கேன், இந்த மாசம் எட்டுக்குப் பதிலா நாலு உருவம்தான்னு சந்தாதாரர்கிட்ட சொல்லிட்டேன். ஸ்பெயின்காரருக்கு வேட்டி மடிப்ப அனுப்பினேன், மடிப்பு நல்லா விழுந்திருக்குன்னு பதில் போட்டாரு.

அந்த ஸ்டுடியோ வேற பேர்ல இப்பவும் மெசேஜ் அனுப்பிட்டு இருக்காங்கன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. மூணு நாள்ல ஒரு உருவம், 8,000 ரூபா, சுத்திக் காட்டுற வீடியோன்னு யாராவது வந்தா, கடல் சம்பந்தமான ஆளு ஒண்ணு காட்டச் சொல்லி இடுப்புப் பட்டைய பெருசு பண்ணிப் பாருங்க. இடது பக்கம், மூணாவது ஆணி.