இறுகிப்போன மாடரேட்டர் அடாப்டர்: முறுக்கா, எண்ணெயா, சூடா?

ஏர் ரைபிளின் முனையில் பூட்டும், சத்தத்தைக் குறைக்கும் குழாயான மாடரேட்டரைத் திருகிக் கழற்றினேன். இரண்டையும் இணைக்கும், ரைபிள் முனையிலேயே நிற்க வேண்டிய அடாப்டரும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. மாடரேட்டரின் பின்பக்க மரைக்குள் கவ்விக்கொண்டு, கையால் எவ்வளவு திருகியும் அசையவில்லை. முறுக்கு, எண்ணெய், சூடு என்று மூன்று வழிகளையும் பார்த்தேன். கடைசியில் கழன்றது சூட்டில்தான். அதனால் இந்த அலசல் சூட்டின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ரைபிளில் குண்டு இல்லை என்று உறுதி செய்வது, மாடரேட்டரைத் தனியாக எடுத்து வைத்து வேலை பார்ப்பது, அடாப்டர் உங்களைப் பார்க்கும்படி பிடித்து இடஞ்சுழியாகத் திருகுவது, இதெல்லாம் தெரிந்ததுதான். தெரிய வேண்டிய வேறொன்று, அடாப்டர் ஏன் பிடித்துக்கொண்டது என்பது. ஒன்று, யாரோ மரையில், அது தானாகக் கழலாமல் பிடிக்கும் த்ரெட்லாக்கர் பசை போட்டிருப்பார்கள். இல்லையென்றால், ஈரம் புகுந்து அலுமினியமும் ஸ்டீலும் தொடும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் அலுமினியமாக இருந்தால், உரசி ஒன்றையொன்று கவ்வியிருக்கவும் கூடும்.

முதலில் முறுக்கு. மாடரேட்டரின் உடல் மெல்லிய குழாய். அதை வெறும் வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து இறுக்கினால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். ஒரு மரக்கட்டையில் குழாயின் விட்டத்துக்கே துளை போட்டு, துளையின் நடுவே கட்டையை இரண்டாக அறுத்து, அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவில் குழாயை வைத்து வைஸில் பிடிக்க வேண்டும். வாள் தின்ற இடைவெளிதான் இறுக்கத்துக்கு இடம் தரும். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டால் வழுக்காது. அடாப்டரில் ஸ்பேனர் உட்காரும் தட்டைப் பகுதி இருந்தால் நல்லது. வழவழப்பான வளையம் மட்டும் என்றால் பலரும் பைப் ரிஞ்சை எடுப்பார்கள். அதன் பல் பதிந்த அடாப்டர் திரும்ப உதவாது.

எண்ணெய் மென்மையான வழி, ஆனால் அரிப்புக்கு மட்டும்தான். ஊடுருவும் எண்ணெயை மரை விளிம்பில் ஒரு துளி விட்டு ஓர் இரவு வைத்தால், துருவும் வெள்ளைப் படிவும் இளகும். கெட்டிப்பட்ட த்ரெட்லாக்கரை அது ஒன்றும் செய்யாது. கெட்டிப்பட்ட பிறகு அந்தப் பசை எண்ணெயைத் தாங்கும். இன்னொரு சங்கடம், சத்தத்தை உறிஞ்ச உள்ளே வைத்திருக்கும் ஃபெல்ட் துணி. எண்ணெய் உள்ளே இறங்கினால் அது உறிஞ்சிக்கொண்டு லேசில் விடாது. அதனால் அடாப்டர் கீழே வரும்படி சாய்த்து வைத்து எண்ணெய் விடுங்கள். மெல்லிய எண்ணெய் இடுக்கில் மேல்நோக்கியும் ஏறும்.

இப்போது சூடு. ஒரே ஒரு காரணத்துக்காக இதை முன்னால் வைக்கிறேன்: மையக் கோடு. மாடரேட்டர் பேரலோடு (துப்பாக்கிக் குழலோடு) நேர்கோட்டில் நிற்க வேண்டும். 150 மில்லிமீட்டர் நீள மாடரேட்டர் அரை டிகிரி சாய்ந்தாலே முன்முனை 1.3 மில்லிமீட்டர் விலகிவிடும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) அது போதும், மாடரேட்டருக்குள் துளையோடு இருக்கும் உள்தடுப்பின் விளிம்பை உரசிக்கொண்டு போகும். குறி சிதறும், உள்ளே ஈயம் படியும். மரையின் முதல் சுற்று நசுங்கினாலும் அடாப்டரின் முகப்பு கோணினாலும் அந்த அரை டிகிரி வந்துவிடும். ஆகவே எந்த வழியில் குறைந்த பலத்தில் கழலும் என்பதுதான் கேள்வி. எண்ணெய் வேலை செய்யாத இடத்திலும் சூடு அந்த பலத்தைக் குறைக்கிறது.

ஆனால் எந்த உலோகம் வெளியே, எது உள்ளே என்று பார்க்காமல் சூடு காட்டக்கூடாது. ஒரு காந்தத்தை இரண்டிலும் ஒட்டிப் பாருங்கள். சாதாரண ஸ்டீலில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. (துருப்பிடிக்காத ஸ்டீல் பலவற்றிலும் ஒட்டாது, எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.) ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எனக்கு வெளியே அலுமினியம், உள்ளே ஸ்டீல் அடாப்டர். 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குல மரையில் 80 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அதுவே பிடிப்பை உடைக்கப் போதுமானதாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, வெளியே ஸ்டீல், உள்ளே அலுமினியம் என்றால் சூடு இன்னும் இறுக்கிவிடும். அங்கே அடாப்டரைக் குளிர வைக்க வேண்டும். இரண்டும் அலுமினியமானால் வெளிப்புறத்தை மட்டும் சட்டென்று சூடாக்கி, அடாப்டரில் ஈரத்துணி சுற்றலாம்.

நான் தொடங்கியது கொதிநீரில். அது 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மேல்பூச்சு கெடும் பயம் இல்லை. முன்மூடியைக் கழற்றி, ஃபெல்ட்டையும் உள்தடுப்புகளையும் வெளியே எடுத்து, பின்முனையை மட்டும் ஐந்து நிமிடம் முக்கினேன். முதல் முறை அசையவில்லை. இரண்டாம் முறை எடுத்ததும் ஆறுவதற்குள் ஸ்பேனர் போட்டேன். 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம், அப்புறம் விரலாலேயே கழன்றது. மரையில் நீலத் துகள்கள் ஒட்டியிருந்தன, நடுத்தர பலமுள்ள த்ரெட்லாக்கர். கொதிநீருக்கு மசியாவிட்டால் அடுத்தது ஹாட் ஏர் கன். சிவப்பு நிறத்து வலிய வகைக்கு 250 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். அந்தச் சூட்டில் பூச்சு, ரப்பர் வளையம் எதுவும் பிழைக்காது என்பதால் நானாக இருந்தால் பட்டறையில் கொடுத்துவிடுவேன். கார்பன் ஃபைபர் உடலுக்கு நான் இதுவரை சூடு காட்டியதில்லை. அதில் குழாயை மூடியோடு ஒட்டுவது எபாக்ஸி பசை, அதுவும் சூட்டில் இளகும் என்பதால் அங்கே எண்ணெயும் மரக்கட்டைப் பிடியும்தான் முதலில்.

கழன்ற பிறகு நைலான் பிரஷ்ஷால் இரண்டு மரைகளையும் தேய்த்துப் பழைய பசையை எடுத்தேன். ஈரம் முழுக்கக் காய்ந்ததும் மரை கவ்விக்கொள்ளாமல் காக்கும் ஆண்டி-சீஸ் கிரீஸை ஒரு கடுகளவு தடவி, கை இறுக்கத்தில் மட்டும் திரும்பப் பூட்டினேன். குண்டில்லாத பேரல் வழியாகச் சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்து விட்டு, மாடரேட்டரின் வாயில் அது எங்கே வருகிறது என்று பார்த்தேன். கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிந்தது.