தோஹா வழியாக பிசினஸ் கிளாஸ்: படுக்கை இருக்கிறது, தூக்கம்தான் இல்லை

"ஆஃபர் போட்டிருக்கான், தோஹா வழியா நியூயார்க்குக்கு பிசினஸ் கிளாஸ் போட்டுடவா?" ஒவ்வொரு விற்பனையின்போதும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கத்தார் ஏர்வேஸின் கதவு வைத்த பிசினஸ் இருக்கையான கியூசூட் எப்படி இருக்கும், கதவு மூடுமா, என்ன சாப்பாடு என்பதையெல்லாம் வீடியோக்களில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், அதனால் அதற்குள் போகவில்லை. இந்த வழியில் தொடர்ந்து பறப்பவனாக எனக்கு இருக்கையின்மேல் பெரிய குறை கிடையாது. கோபமெல்லாம் நேர அட்டவணையின்மேல்தான். தட்டையாகப் படுக்கும் வசதிக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, படுக்கவேண்டிய இரவை இரண்டாக உடைத்துக் கொடுக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து தோஹா சுமார் 3,300 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். காலையில் அமெரிக்கா கிளம்பும் விமானத்தைப் பிடிக்கவேண்டும் என்றால் சென்னையில் விடியற்காலை 4 மணி வாக்கில் ஏறவேண்டும். ஒரு மணிக்கெல்லாம் செக்-இன் வரிசையில் நிற்கவேண்டும், அதாவது அன்றைய தூக்கம் வீட்டிலேயே போய்விட்டது. விமானம் மேலேறி சீட்பெல்ட் விளக்கு அணைய இருபது, இருபத்தைந்து நிமிடம். உடனே சூடான துண்டு, ஜூஸ், மேஜைவிரிப்பு, தட்டு. எல்லாம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்குவதற்கு நாற்பது நிமிடம் முன்னால் விளக்கைப் போட்டு இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள். சாப்பிடாமல் படுத்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும், சாப்பிட்டால் இரண்டுகூடத் தேறாது. ஆழ்ந்து உறங்க ஆரம்பிக்கும் இடத்தில் தோளைத் தட்டுவார்கள்.

இது ஒரு கம்பெனியின் அலட்சியம் அல்ல. தோஹா, துபாய், அபுதாபி மூன்றும் அலை அலையாக இயங்குபவை. தெற்காசிய விமானங்கள் விடியலில் கும்பலாக வந்து இறங்கும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவை அதற்கடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கும்பலாகக் கிளம்பும். இணைப்பு நேரம் குறைவாக இருந்தால்தான் டிக்கெட் தேடுபவரின் திரையில் அந்த வழி மேலே வரும். சென்னைக்காரரின் இரவு அந்தக் கணக்கில் ஒரு மூலையில்கூட இல்லை. இதே அலைதான் லவுஞ்சையும் கெடுக்கிறது. தோஹாவில் கத்தாரின் பிசினஸ் லவுஞ்சான அல் முர்ஜான் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் விடிகாலை 6 மணிக்கு அங்கே குளியலறைக்கு வரிசை நிற்கும், படுக்கை போட்ட அமைதி அறைகள் நிரம்பியிருக்கும். இரண்டு மணி நேர இணைப்பு என்றால் உள்ளே நுழைந்ததும் முதலில் குளியலறை மேசையில் பெயர் கொடுங்கள், காபி எல்லாம் அப்புறம். பெயர் கொடுக்காமல் சாப்பிட உட்கார்ந்தவர் குளிக்காமலே விமானம் ஏறுவார்.

சரி, முதல் கட்டமான சென்னை–தோஹாவில் என்ன செய்யலாம்? சாப்பாட்டை சென்னையிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். உட்கார்ந்ததும் பணியாளரிடம் மெத்தை விரிப்பையும் போர்வையையும் கேட்டு வாங்கி, "இறங்கும்வரை எதற்கும் எழுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளவேண்டும். அடியில் போட்டால் விமானம் குலுங்கும்போதெல்லாம் பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க எழுப்புவார்கள், அது அவர்கள் கடமை. பைஜாமா பெரும்பாலும் நீண்ட கட்டத்தில்தான் கொடுப்பார்கள், அதனால் தளர்வான உடையில் ஏறுவது நல்லது. இத்தனையும் செய்தால் அந்த மூன்று மணி நேரம் கிடைக்கும். நாலரை மணி நேரத்துக்கு வாங்கிய பிசினஸ் கட்டணத்தில் உருப்படியான பலன் இவ்வளவுதான்.

இரண்டாவது கட்டமான தோஹா–நியூயார்க்கில்தான் விஷயம் இருக்கிறது. தோஹாவில் காலை 8 மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் இரவு 1 மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு 12. ஆக ஏறியதும் தூங்கினால் நேராக நியூயார்க் நேரத்துக்கே உடம்பு பழகிவிடும். ஆனால் வெளியே வெயில், கேபினில் காலை உணவு வாசனை, பக்கத்து சூட்டில் காபி. இந்த ஏற்பாட்டுக்கு மயங்கிச் சாப்பிட்டு, இரண்டு படம் பார்த்து, இந்திய நேரம் மாலை 5 மணிக்குமேல் படுப்பவர்கள்தான் மறுநாள் மீட்டிங்கில் சாமியாடுகிறார்கள். கத்தாரில் பிடித்த ஒரு விஷயம், சாப்பாடு நேரம் கட்டாயமில்லை, மெனுவில் உள்ளதை வேண்டிய நேரத்தில் கேட்கலாம். முதல் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு, எழுந்து சாப்பிட்டு, பிறகு தூங்காமல் இருந்தால் மதியம் இறங்கும்போது தலை தெளிவாக இருக்கும். சைவக்காரர்கள் கவனிக்க: முன்கூட்டியே ஆசிய சைவ உணவு என்று பதிந்தால் அது தனித் தட்டாக ஏற்றப்படும், மெனுவில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சுகம் குறையும். நீண்ட கட்டத்தில் மெனுவிலேயே சைவம் இருக்கும். ஹம்மஸ், முத்தபல், தபூலே வைத்த மெஸே என்ற அரபுத் தொடக்க உணவுத் தட்டே பாதி வயிற்றை நிரப்பும். பதிவதென்றால் சென்னைக் கட்டத்துக்கு மட்டும் பதியுங்கள்.

இனி புகழவேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன். கியூசூட் 2017இல் வந்த இருக்கை, இன்றைக்கும் இதைவிட மேலான பிசினஸ் இருக்கை என்று சொல்லக்கூடியவை கைவிரலுக்குள் அடங்கும். 1-2-1 வரிசை, அதாவது இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு; ஒன்று முன்னோக்கி, அடுத்தது பின்னோக்கி. ஏ, கே எழுத்துள்ளவை ஜன்னலை ஒட்டியவை, பின்னோக்கிப் பார்ப்பவை. பி, ஜே முன்னோக்கிப் பார்ப்பவை, நடைபாதையை ஒட்டியவை. பின்னோக்கிப் போனால் தலைசுற்றும் என்று பலர் பயப்படுகிறார்கள். மேலேறும் கால் மணி நேரம் மட்டும் பெல்ட்டில் தொங்குவது போல இருக்கும், பிறகு திசையே மறந்துபோகும். தனியாகப் போனால் ஏ அல்லது கே எடுங்கள். கதவுச் சுவர் தோள் உயரம்தான், வெளிச்சத்தை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. எனவே சமையல் பகுதியையும் கழிப்பறையையும் ஒட்டிய வரிசைகள் வேண்டாம். இரவு முழுக்கத் திரைச்சீலை விலகும், கோப்பை உருளும், தட்டு அடுக்குவார்கள். விமானத்தில் தேர்வு இருந்தால் போயிங் 777-ஐவிட ஏர்பஸ் ஏ350 நல்லது. ஏ350 உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம், 777-இல் அது 8,000 அடி வரை போகும். ஏறத்தாழ 14 மணி நேரப் பயணத்தில் தொண்டை வறட்சியிலும் தலைவலியிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

ஏறியதும், விமானம் நகர்வதற்கு முன், இருக்கையை ஒருமுறை முழுக்கப் படுக்க வைத்து நிமிர்த்திப் பாருங்கள். திரை, ஹெட்ஃபோன் துளை, சார்ஜ் பாயின்ட், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் சரிபாருங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இவ்வளவு மோட்டார் வைத்த இருக்கை எப்போதாவது மக்கர் செய்யும். பாதியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் இடையில் சிக்கிய தலையணை, போர்வை, செருப்புதான் காரணம். தடை உணரி மோட்டாரை நிறுத்திவிடும். பொருளை எடுத்துவிட்டு பொத்தானை மறுபடி அழுத்தினால் போதும். அப்படியும் நகரவில்லை என்றால் பணியாளரால் அந்த இருக்கையின் மின்சாரத்தை அணைத்துப் போட முடியும், அது ஓரிரு நிமிட வேலை. அதற்கும் மசியவில்லையா, தரையில் இருக்கும்போதே வேறு இருக்கை கேளுங்கள். மேலேறிய பிறகு காலி இருக்கை இருந்தாலும் அது தூக்கத்துக்கு நடுவிலான குடிபெயர்ப்பு. இடம் மாறாவிட்டால் பழுதைக் கேபின் பதிவேட்டில் எழுதச் சொல்லி, படம் ஒன்று எடுத்துவையுங்கள். பதிவேட்டில் ஏறாத புகாருக்குப் பின்னால் ஒரு மன்னிப்புக் கடிதம்தான் வரும்.

வாங்கும் முன் பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த விமானம். கத்தாரின் எல்லா விமானத்திலும் கியூசூட் கிடையாது. ஏ380-இல் இல்லை, 787-9-இல் கதவுள்ள வேறு வகை, 787-8-இல் கதவே இல்லை. சென்னைக்கு வரும் விமானம் பருவத்துக்குப் பருவம் மாறும், கியூசூட் என்று நம்பிச் சென்னைக் கட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். விமானம் மாறினால் நீங்கள் பிடித்துவைத்த இருக்கை எண்ணும் மாறிப்போகும், பயணத்துக்கு மூன்று நாள் முன்னும் செக்-இன் திறக்கும்போதும் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இருக்கை வகைக்கு எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தருவதில்லை, வகுப்புக்கு மட்டும்தான். வகுப்பையே இறக்கினால் கதை வேறு. 2023 பிப்ரவரி 15 முதல் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் வரியோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். சென்னை–தோஹா நடுவில் வருகிறது.

இரண்டாவது, கட்டண வகை. மிக மலிவாகத் தெரியும் பிசினஸ் டிக்கெட்டில் லவுஞ்சும் இலவச இருக்கைத் தேர்வும் இருக்காது. கத்தாரில் அதற்குப் பெயர் லைட், எமிரேட்ஸில் ஸ்பெஷல். காலை ஆறு மணிக்குத் தூக்கமில்லாமல் இறங்குபவருக்கு லவுஞ்ச் இல்லாத பிசினஸ் கிளாஸ் என்பது கொடுமை. அந்த வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதம், எகானமிக்கு 5-தான். வரியோடு சேர்ந்த தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

மற்ற வழிகள்? எமிரேட்ஸில் மேல்தளம் முழுக்கப் படுக்கையாக இருக்கும் ஏ380 அருமை. ஆனால் சென்னைக்கு வருவது 777. அதில் மாற்றியமைக்கப்படாத விமானங்களில் பிசினஸ் வரிசை 2-3-2, நடு இருக்கை என்று ஒன்று உண்டு. ஜன்னலோரத்தில் இருப்பவர் கழிப்பறை போக பக்கத்தில் இருப்பவரைத் தாண்டவேண்டும். 1-2-1-ஆக மாற்றும் வேலை 2024-இல் தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. எதிஹாத்தில் அபுதாபியிலேயே அமெரிக்கக் குடியேற்றச் சோதனை முடிந்துவிடும், 2014 முதல் இந்த வசதி இருக்கிறது. நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி நடக்கலாம். அங்கிருந்து இன்னொரு ஊர் போகிறவருக்குப் பெட்டியை எடுத்து மறுபடி போடும் வேலை மிச்சம். ஆனால் அந்தச் சோதனை உங்கள் லவுஞ்ச் நேரத்தைத் தின்னும், மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இணைப்பு வேண்டாம்.

அலையை உடைக்க ஒரே வழி, இடையில் நிஜமாகவே தங்குவது. விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ஓரிக்ஸ் ஹோட்டலுக்கு விசா தேவையில்லை, மணிக்கணக்கில் அறை கிடைக்கும். எட்டுப் பத்து மணி நேர இணைப்பாக எடுத்து, இறங்கியதும் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் உடைந்த இரவு ஓரளவு ஒட்டும். துபாயில் இறங்கி ஊருக்குள் தங்க நினைப்பவர்கள், செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் வந்திறங்கி 14 நாள் விசா வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: 24 மணி நேரத்தைத் தாண்டினால் டிக்கெட் கணக்கே மாறும், பெட்டியும் நடுவிலேயே வந்துவிடும். 23 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்வது உத்தமம்.

என் தீர்ப்பு என்ன? இவ்வளவு நல்ல இருக்கையைப் போகும்போது வாங்காதீர்கள். சென்னையிலிருந்து பின்னிரவில் கிளம்பும் ஃபிராங்க்ஃபர்ட் விமானம் பத்து மணி நேரம் ஓடும். லுஃப்தான்சாவின் பழைய இருக்கை இரண்டு இரண்டாகத்தான், கதவும் கிடையாது, அதிலும் ஏழு மணி நேரம் யாரும் தொடாத தூக்கம் கிடைக்கும். அமெரிக்க விசா இருந்தால் அங்கே டிரான்சிட் விசாவும் தேவையில்லை. திரும்பும்போது தோஹாவைப் பிடியுங்கள். நியூயார்க்கில் இரவு ஏறினால் பன்னிரண்டு மணி நேரமும் உங்களுடையது, கியூசூட்டின் அருமை அப்போதுதான் தெரியும். இரண்டு கம்பெனியில் ஒருவழி ஒருவழியாக ரொக்கத்துக்கு வாங்கினால் கட்டாது, மைல்கள் எனப்படும் பயணப் புள்ளிகள் வேண்டும். கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏவியோஸ் என்ற ஒரே வகை மைல்களைப் பயன்படுத்துவதால் போகும்போது லண்டன், வரும்போது தோஹா என்று போடலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் கூடுதல் கட்டணம் கண்ணைக் கட்டும், அதைப் பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்குவது எப்படியும் இரவு 2, 3 மணிதான். தோஹா–சென்னை கட்டத்தை எகானமியில் போட்டால் மைல் மிச்சமாகுமா என்று மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.