உண்ணி பரப்பும் மூளையழற்சிக்கு எந்தத் தடுப்பூசி: எஃப்எஸ்எம்இ-இம்யூனா, என்செப்பூரா?

சூரிச் பக்கத்துக் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். கசகசா அளவில் ஒரு கரும்புள்ளி ஒட்டியிருந்தால் அது உண்ணிக்குஞ்சாக இருக்கலாம். உடனே பிடுங்கியாயிற்று என்று நிம்மதியடைய முடியாது. அது மூளையழற்சி வைரஸைச் சுமந்திருந்தால், வைரஸ் அதன் எச்சிலிலேயே இருப்பதால் கடித்த சில நிமிடங்களிலேயே உள்ளே போய்விடும். வந்தபின் அந்த வைரஸைக் கொல்ல மருந்தும் இல்லை. அதனால் முன்கூட்டியே ஊசி போட வேண்டும்.

சுவிஸில் கிடைக்கும் தடுப்பூசிகள் இரண்டு: எஃப்எஸ்எம்இ-இம்யூன், என்செப்பூர். இரண்டிலும் இருப்பது கோழிக்கரு செல்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ்தான். பெரியவர்களுக்கான ஒரு ஊசியில் எஃப்எஸ்எம்இ-இம்யூனில் 2.4 மைக்ரோகிராம், என்செப்பூரில் 1.5. அவசரமாகப் பாதுகாப்பு வேண்டுமென்றால் என்செப்பூரை 0, 7, 21ஆம் நாட்களில் போட்டுக்கொள்ளலாம். அது நல்ல வசதி. மற்றபடி மருத்துவரின் ஃப்ரிட்ஜில் எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

உண்மையான வித்தியாசம் ஊசி ஏறும் உடம்பில் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது வயது. அதே ஊசிக்கு 30 வயதுக்காரர் உடம்பில் ஊறும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) 65 வயதுக்காரருக்கு ஊறாது. ஊறியதும் சீக்கிரம் குறையும். ஸ்வீடனில் 50ஐத் தாண்டியவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு ஊசி கூடுதல். ஜெர்மனியில் வழக்கமான 5 ஆண்டு பூஸ்டர், வயதானவர்களுக்கு 3 ஆண்டாகிறது. சுவிஸிலோ 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். வயதான அம்மாவுக்கு என்றால் நான் ஜெர்மனியின் கணக்கையே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்பேன்.

அடுத்தது மருந்துகள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். உடல் பருமன் வேறு மாதிரி: வியன்னாவில் நடந்த ஓர் ஆய்வில், பருமனானவர்களுக்கு பூஸ்டருக்குப் பின் எதிர்ப்பொருள் நன்றாகவே ஏறியது, ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. முன்பே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டவர்களிடமும் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் குறைவாக உருவானது. மஞ்சள் காய்ச்சல் வைரஸும் இந்த மூளையழற்சி வைரஸும் ஒரே குடும்பம்.

அப்புறம், டெங்குவும் அதே குடும்பம்தான். நம் ஆட்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ டெங்கு வந்து போனவருக்குச் எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரண எலைசா ரத்தப் பரிசோதனை, பாதுகாப்பு இருப்பதுபோலப் பொய்யாகக் காட்டக்கூடும். வைரஸை உண்மையிலேயே முடக்குகிறதா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன் சோதனைதான் சரியாகச் சொல்லும். மருத்துவர் கேட்காவிட்டாலும் டெங்கு வந்த கதையைச் சொல்லிவிடுங்கள்.