குச்சிக்கிழங்குக் காட்டுக்கு எது: கசடா, மக்கு உரமா?

சேலத்துச் செம்மண்ணில் வருடா வருடம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டு எடுத்த காடு சீக்கிரம் வெளிறிப்போகும். கிழங்கு சாம்பல் சத்தை (பொட்டாசியம்) அவ்வளவு உறிஞ்சும். தொழு உரம் போடலாம் என்றால் பட்டியில் முன்போல மாடுகள் இல்லை. அதனால்தான் சாக்கடைச் சுத்திகரிப்பில் மிஞ்சும் காய்ந்த கசடா, ஊர்க் குப்பையை மக்கவைத்த உரமா என்ற கேள்வி வருகிறது.

கசட்டில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தாராளம். ஆனால் சாம்பல் சத்து நீரில் கரைந்து சுத்திகரித்த தண்ணீரோடு போய்விடும். கிழங்குக்கு வேண்டியதோ அதுதான்.

அதைவிட என்னை உறுத்துவது உலோகம். சாயப்பட்டறையும் கொலுசுப் பட்டறையும் நிறைந்த ஊர் இது. அந்தக் கழிவு வீட்டுச் சாக்கடையில் கலந்தால் காட்மியமும் ஈயமும் கசட்டில்தான் வந்து படியும். நன்றாகச் சூடேறினால் கிருமியும் உருளைப்புழு முட்டையும் சாகும். உலோகம் எங்கேயும் போகாது. அமெரிக்காவின் 1993 விதி, உயர்தரக் கசட்டில்கூட கிலோவுக்கு 39 மில்லிகிராம் காட்மியம் வரை விடுகிறது. நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர மக்கு உரத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 5 மில்லிகிராம்தான்.

ஏற்காட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் இருப்பது புளிப்பு மண். அதில் காட்மியம் எளிதில் கரைந்து வேருக்குள் ஏறும். கீழே, சுண்ணாம்பு கலந்த மண் அதை ஓரளவு பிடித்துவைக்கும். மலையில்தான் காபிப்பழத் தோல் குவிகிறதே, அதைச் சாணத்தோடு மக்கவைக்கலாம்.

என் ஓட்டு மக்கு உரத்துக்குத்தான். சத்து குறைவு, மெதுவாகத்தான் கொடுக்கும், ஏக்கருக்கு டன் கணக்கில் வேண்டும். வண்டி வாடகையே கையைக் கடிக்கும். ஆனாலும் மண்ணில் ஈரம் நிற்கும், மண்புழு வரும். வாங்கும் முன் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட் துணுக்கும் கண்ணாடிச் சில்லும் கிடந்தால் அது தரம் பிரிக்காத குப்பை. அப்புறம், லேசாக நனைத்துப் பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மழை மண் வாசம் வந்தால் சரி. புளித்த நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை. அப்படியே போட்டால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும்.

சுத்திகரித்த தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். உப்பு ஏறி மண் இறுகாமல் இருக்க, இடையிடையே கிணற்றுத் தண்ணீரும் பாய வேண்டும். கசடு, உலோகப் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் மட்டும், சவுக்குக்கும் மலைவேம்புக்கும். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டவே வேண்டாம்.