நம் அளவுக்கே ஈயக்குண்டு அச்சு: செய்து தரும் சேவை பற்றி

கடையில் கிடைக்கும் தூண்டில் ஈயக்குண்டுகளில் எனக்குப் பிடித்த வடிவம் இல்லை. பேரிக்காய் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் ஒரு பக்கம் தட்டையாக, நீரோட்டத்தில் உருளாமல் மணலில் படுத்துக் கிடக்க வேண்டும். அதனால் படம் அனுப்பினால் அலுமினியத்தில் அச்சு கடைந்து தரும் ஒரு பட்டறையிடம் 60, 90, 120 கிராம் என்று மூன்று குழிகள் கேட்டேன்.

முதலில் பாராட்டு. எடையைச் சொன்னதும் கடையத் தொடங்கிவிடவில்லை, கேள்வி கேட்டார்கள். சுத்த ஈயமா, கார்ச் சக்கரத்தைச் சமன்படுத்தப் பொருத்தும் பழைய எடைகளை உருக்கியதா, இல்லை தகரமா (தகடு இல்லை, வெள்ளீயம்)? கேட்க வேண்டிய கேள்விதான். 120 கிராம் ஈயத்துக்கு 10.6 கன செ.மீ. குழி போதும். அதே குழியில் தகரம் ஊற்றினால் 77 கிராம்தான் தேறும். இங்கிலாந்தில் அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்று 1987 முதல் சின்ன ஈயக்குண்டுகளை விற்கத் தடை. அப்படித் தடையுள்ள இடத்தில் மீன் பிடிப்பவர் தகரத்துக்குக் கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகக் கேட்க வேண்டும். நான் சுத்த ஈயம் என்றேன்.

அப்புறம் ஊற்றுவாய், அதாவது ஈயத்தை அச்சுக்குள் ஊற்றும் துளை. அது எந்த முனையில் வர வேண்டும் என்று நான் குறிக்கவில்லை. தடித்த அடிப்பக்கத்தில் வைக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள், காரணத்தோடு. ஈயம் உறையும்போது சுருங்கும். ஒல்லியான முனை முதலில் உறைந்துவிடும். அந்த வழியாக ஊற்றினால், கடைசியில் உறையும் அடிப்பகுதிக்கு மேலிருந்து ஈயம் இறங்காது. உள்ளே பொள்ளல் விழும். தடித்த பக்கம் ஊற்றினால் அந்தக் குழிவு ஊற்றுவாயோடு போய்விடும், வெட்டி எறிந்துவிடலாம். வந்த குண்டு ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். உள்ளே பொள்ளலே இல்லை.

அச்சின் இரண்டு பாதிகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கம்பி வளையம் வைக்கும் பள்ளம் கம்பியின் தடிமனுக்குச் சரியாக இருப்பதால் அங்கே பிசிறு வரவில்லை. எடை எண்ணையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் கடைந்திருக்கிறார்கள், குண்டில் நேராக விழுகிறது. குளிர்ந்த அச்சில் ஊற்றினால் தோல் சுருங்கித்தான் வரும், அது எந்த அச்சுக்கும் உள்ளதே. சூடேறியபின் பளிச்சென்று வருகிறது. குழிக்கு மெழுகுவத்திப் புகை லேசாகக் காட்டினால் குண்டு தானாகவே கழன்று விழும். 120 என்று கேட்டது தராசில் 118 காட்டுகிறது. மீனுக்குத் தெரியப் போவதில்லை.

கைப்பிடிதான் மோசம். வெறும் இரும்பு, மரப்பிடி கிடையாது. கொஞ்ச நேரத்தில் கையுறையைத் தாண்டிச் சுடுகிறது, திருகாணியும் சூட்டில் தளர்கிறது. இவ்வளவு யோசித்து அச்சு கடைந்தவர்கள் இதை ஏன் இப்படி விட்டார்கள் என்று புரியவில்லை.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. கூட வந்த குறிப்புத்தாளில் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஈயம் உருகுவது 327 டிகிரியில். அதற்குள் ஒரு சொட்டு ஈரம் போனால் நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். கடலில் கிடந்த பழைய குண்டுகளின் வெடிப்புகளில் ஈரம் ஒளிந்திருக்கும். அவற்றை உருகிய ஈயத்தில் ஒருபோதும் போடக் கூடாது. குளிர்ந்த சட்டியிலேயே போட்டு அடுப்பை ஏற்ற வேண்டும். அச்சையும் முதலில் காயவைக்க வேண்டும். சட்டியும் கரண்டியும் சமையலறைப் பக்கம் போகவே கூடாது, வேலை திறந்த வெளியில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதெல்லாம் தாளின் முதல் வரியிலேயே இருந்திருக்க வேண்டாமா?

உருண்டைக் குண்டு போதும் என்பவருக்கு இந்தச் சேவை வீண்செலவு. கடை அச்சே போதும். எனக்குப் பிடித்துப்போனது. 150 கிராமுக்கு இன்னொன்று சொல்லியிருக்கிறேன், கைப்பிடி மட்டும் வேண்டாம் என்று.