பழைய வேகனுக்கு ரூஃப் ரெயில் பூட்டப் போறியளோ? கூரையில ஓட்டை போட விடாதேங்கோ

பழைய வேகன் வச்சிருக்கிறவை, அதுக்கு மேல மலிவா ரூஃப் ரெயில், அதான் சாமான் கட்டக் கூரையின்ர ரெண்டு கரையிலயும் நீளத்துக்கு ஓடுற கம்பி, ஒண்டு பூட்டுவம் எண்டு யோசிச்சுக்கொண்டு திரியிறவை இதை ஒருக்கா வாசிச்சுப் போட்டுப் போங்கோ. ரவுணுக்குக் கொஞ்சம் வெளிய இருக்கிற ஒரு பாட்ஸ் கடைக்காரர் என்னை வடிவாப் பேய்க்காட்டிப் போட்டார். கடைப் பேர் போடேல்ல, போட்டா அவரை விட்டிட்டு என்னைத்தான் பிடிப்பினம், ஆனா அவர் செய்த வேலை முழுக்க எழுதிறன், ஏனெண்டா இது ஒரு கடையில மட்டும் நடக்கிற சுத்துமாத்து இல்லை.

என்ர கார் ரொயோட்டா கல்டினா, மொடல் எழுத்து ஈடி 196 வி, 5ஈ எஞ்சின். கடைசியில வாற அந்த வி எழுத்து எண்டா வான் கிரேட், ஜி எண்டா வேகன். கொம்பனியில இருந்தே ரெயிலோட வந்தது கூடுதலா ஜி வகையில நல்ல கிரேட்டுகள்தான், எங்கடது மொட்டை. இன்னொரு விசயம், கல்டினா 1992 இல வந்தது, 1997 இல வேகன் மட்டும் புது உருவத்துக்கு மாறிட்டுது, வான் அதே பழைய உருவத்தில 2002 இல அதுக்குப் பதிலாப் புரொபொக்ஸ் எண்ட வான் வருமட்டும் ஓடினது. அதால 2000 ஆம் ஆண்டுக் கல்டினா எண்டு ஒருத்தர் சொன்னா அது ரெண்டு உருவத்தில எதுவாவும் இருக்கலாம். கடைக்காரர் என்னை மடக்கினது இந்த இடத்திலதான்.

எனக்கு ரெயில் என்னத்துக்கெண்டா நான் கலியாண வீட்டுச் சோடனை செய்யிறனான். மணவறைப் பைப், அலுமினிய ஏணி, துணிச் சுருள் எல்லாம் உள்ளுக்க அடைஞ்சா ஒரு பெடியனைக் கூட ஏத்தேலாது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வாகனங்களுக்கு ஏறின விலை தெரியும்தானே, 2025 இல திறந்துவிட்டும் வரியோட பாத்தா எங்களைப் போல ஆக்கள் கிட்டப் போகேலாது, சரி இருக்கிறதையே வேலைக்குத் தோதா ஆக்குவம் எண்டு வெளிக்கிட்டன். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பாட்ஸ் கடையளில விசாரிச்சன், பழைய உருவத்துக்கு இல்லை எண்டு நேராச் சொல்லிச்சினம், அதுக்கு நன்றி. கொழும்பில இருக்கிற மச்சான் அங்க பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடையளில கேட்டுப் பாத்திட்டு, வந்தா சொல்லுறன் எண்டு சொன்னவங்களாம் எண்டான். அந்த நேரம்தான் ஆரோ இந்தக் கடையைச் சொல்ல, போன் எடுத்தன்.

"தம்பி, கல்டினாதானே? ஜப்பான் ஒரிஜினல் செற் ஒண்டு கிடக்கு, அலுமினியம், பூட்டிறதோட சேத்து 42 ஆயிரம் தாங்கோ."

"அண்ணை, என்னது ஈடி 196. புது உருவம் இல்லை."

"எல்லாம் கல்டினாதான் தம்பி, ஹூட் ஒண்டுதான், மேல மாத்தேல்ல."

ஹூட் எண்டு அவர் சொன்ன கூரை ரெண்டுக்கும் ஒண்டு இல்லை. ரெண்டு உருவத்துக்கும் நீளமும் வேற, வளைவும் வேற. ரெயிலுக்குக் காலெண்டு சொல்லுற அந்த முன், நடு, பின் தாங்கிகள் கூரையின்ர வளைவுக்குத் தக்க வார்த்து வாறது, வேற உருவத்தில வச்சா ஒரு கால் குந்தும், மற்றது அந்தரத்தில நிக்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை, தெரிஞ்சபடியால்தான் பூட்டேக்க என்னை உள்ளுக்க விடேல்ல. காரை விட்டிட்டுப் போங்கோ, பின்னேரம் எடுக்கலாம் எண்டார். பின்னேரம் போனா கார் கழுவித் துடைச்சு மினுங்குது, மேல வெள்ளி நிறத்தில ரெண்டு ரெயில், பாக்க உண்மையா நல்ல வடிவு. கையால பிடிச்சு ஆட்டிப் பாத்தன், ஆடேல்ல. பில் கேட்டதுக்கு சிகரெட் பெட்டி மட்டையைக் கிழிச்சு "ரெயில் செற் 1, பூட்டுக்கூலி" எண்டு எழுதித் தந்தார், கடைப் பேரும் இல்லை, சீலும் இல்லை. சீல் வீட்டில இருக்காம்.

இது நடந்தது நல்லூர்த் தேர் முடிஞ்ச கையோட. அப்ப எங்க மழை, வெயில் கொளுத்துது. ஏணி ஏத்தினன், பைப் ஏத்தினன், ஒரு கரைச்சலும் இல்லை. ஐப்பசி கடைசியில ரெண்டு மழை பெஞ்சாப்போல காருக்குள்ள ஒரு புழுங்கல் மணம், நான் துணிச் சுருள் ஈரமாக்கும் எண்டு நினைச்சு அதை எடுத்துக் காயப் போட்டன். கார்த்திகையில அடைமழை பிடிச்சுதே, அண்டைக்கு விடிய டிக்கி லைற் கண்ணாடிக்குள்ள தண்ணி நிக்குது, மஞ்சள் தண்ணி, பல்ப் பாதி தாண்டு கிடக்கு. ஹூட் லைனிங்கை, அதான் கூரைக்கு உள்பக்கம் அடிச்சிருக்கிற துணியை, விரலால அமத்தினன், பொளுக்கெண்டு கை நனைஞ்சு முழங்கை வரைக்கும் வழியுது. முன் சீற்றுக்கு மேல கறள் நிறத்தில வட்டம் வட்டமாக் கறை.

கோண்டாவில் பக்கம் ரிங்கர் வேலை, அதான் வாகனத் தகடு ஒட்டித் திருத்திற வேலை, செய்யிற ஒரு பெடியன் இருக்கிறான், அவனிட்டக் கொண்டுபோய் விட்டன். அவன் முதல்ல ரெயிலில ஒரு சின்னக் காந்தத்தை வச்சான், டக்கெண்டு ஒட்டிச்சுது. அலுமினியத்தில எங்கயாவது காந்தம் ஒட்டுமோ? வெறும் இரும்புப் பைப், வெள்ளி ஸ்பிறே, சுரண்டினா உள்ளுக்க பச்சைப் பெயின்ற். நீளம் காணாமல் நடுவில வெட்டி உள்ளுக்க இன்னொரு பைப் துண்டு விட்டு ஒட்டியிருக்கு. பிளாஸ்ரிக் கால் மட்டும்தான் ஜப்பான் சாமான், அதுவும் புது உருவத்தின்ர, வளைவுக்கு இருக்கேல்ல எண்டு அடியை அரத்தால ராவியிருக்கினம்.

பிறகு காலைக் கழட்டினான். இந்த இடத்தைக் கவனமா வாசியுங்கோ. கூரைத் தகடு ஒரு மில்லிமீற்றர் கூட வராது, அதில நேர ஓட்டை போட்டு, தகரக் கூரைக்கு அடிக்கிறமே ஒரு ஸ்குரூ, தானாவே துளைச்சுக்கொண்டு இறங்கிறது, அதை ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு ரெண்டா ஏத்தியிருக்கினம். அடியில தாங்குற தகடு இல்லை, வாசர் இல்லை, நட்டும் இல்லை. ஒண்டு கையோடயே வந்திட்டுது, புரி முழுக்கக் கறள். சுத்தவர சிலிக்கன், அதுவும் மீன் தொட்டி ஒட்டுற, வினாகிரி மணக்கிற வகை. அந்த வகை சிலிக்கன் காயேக்க அசிட் விடும், ஓட்டையைச் சுத்திப் பெயின்ற் போன வெறும் இரும்பில பட்டா அதுவே கறளைத் துவக்கி விடும். அதோட எங்கட பக்கம் உப்புக் காத்து வேற. பாரத்தோட ஓடேக்க ரெயில் கொஞ்சம் கொஞ்சமா அசைய, ஓட்டை நீளமாகி, ஒட்டினது விட்டு, தண்ணி நேர லைனிங்குக்க இறங்கியிருக்கு. ஏ9 இல வேகமா ஓடேக்க ஏணியோட சேத்து அது கழண்டு பின்னால வாற மோட்டச்சைக்கிள்காரன்ர மேல விழுந்திருந்தா என்ன கதி? இதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வருது, காசு போனது ரெண்டாம் பட்சம்.

கடைக்குப் போனன், கழட்டின ஸ்குரூவையும் கொண்டு.

"தம்பி, உது பழைய கார், முந்தியே ஒழுகியிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிராது."

"முந்தி ஒழுகினா அண்ணை நீங்கள் போட்ட ஓட்டைக்குள்ளால ஏன் ஒழுகுது?"

"சரி கொண்டாங்கோ, சிலிக்கன் இன்னொரு கை அடிச்சு விடுறன்."

சிலிக்கனாம்! மட்டைத் துண்டைக் காட்டினா, அது ஆர் எழுதினதோ எண்டு கேக்கிறார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை எண்டு ஒண்டு இருக்கு, 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, 1977 எண்ட போன் நம்பருக்கு அடிச்சா எடுப்பினம். நாங்கள் கேட்டா பில் தரவேணும் எண்டு அந்தச் சட்டத்திலயே இருக்கு, சீல் வீட்டில எண்ட கதையெல்லாம் எடுபடாது. ஆனா ஒரு நுணுக்கம், சாமான் வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும். இப்ப கணக்குப் பாருங்கோ, ஆவணியில பூட்டினா கார்த்திகையில மழை வந்து ஒழுகேக்க மூண்டு மாசம் முடியிற நேரம். என்ரது மயிரிழையில உள்ளுக்க நிண்டது. காசு அனுப்பின வங்கிச் சீட்டு, வட்ஸ்அப்பில அவர் "ஒரிஜினல் அலுமினியம்" எண்டு எழுதின மெசேச், காந்தம் ஒட்டுற வீடியோ எல்லாம் சேத்து எழுதிக்கொண்டு நிக்க, ஆரோ போய்ச் சொல்லி, ஆள் தானா போன் எடுத்துப் பாதிக் காசைத் தந்து ரெயிலைத் திரும்பக் கேட்டார். வீட்டில அம்மாவுக்கு இந்த இழுபறி பிடிக்கேல்ல, விடு தம்பி எண்டு ஒரே அரியண்டம், எனக்கும் கலியாண சீசன், வாங்கிக்கொண்டு விட்டன். கூரையை ஒட்டி, கறள் எடுத்து, பெயின்ற் அடிச்சு, லைனிங் மாத்தினதுக்கு அந்தப் பாதியும் காணேல்ல.

இனி வாங்கப் போறவைக்கு. முதல்ல உங்கட காரின்ர சேஸ் நம்பரில இருக்கிற மொடல் எழுத்தைச் சொல்லி, அதே எழுத்துக் காரில இருந்து கழட்டினதோ எண்டு கேளுங்கோ, "எல்லாம் ஒண்டுதான்" எண்டு பதில் வந்தா நீங்கள் போகலாம். கூரையின்ர ரெண்டு கரையிலயும் நீளத்துக்கு ஓடுற கறுப்பு மோல்டிங்கைக் கிளப்பிப் பாக்கச் சொல்லுங்கோ, சில வாகனங்களில அதுக்குக் கீழ கொம்பனியே ரெயிலுக்கு இடம் விட்டு, உறுதியான தகட்டோட மூடி வச்சிருக்கும், அப்பிடி இருந்தா அதிலதான் பூட்டவேணும். இல்லாத வாகனத்துக்கு ரெயில் போடுறதெண்டா லைனிங்கை இறக்கி, உள்ளால தகடு குடுத்து போல்ற் நட்டு போட்டு, வாகனத்துக்கெண்டு வாற சீலன்ற் அடிக்கவேணும், சன் வைசர், கைபிடி, லைற் எல்லாம் கழட்டிற வேலை, அரை நாளில முடிச்சுத் தாறன் எண்டு ஒருத்தன் சொன்னா அவன் லைனிங்கைத் தொடப் போறதில்லை. பூட்டி முடிஞ்ச உடன காசைக் குடுக்காமல் அங்கயே ஓஸ் பிடிச்சு வடிவாத் தண்ணி அடிச்சுப் பாருங்கோ, கார்த்திகை வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ரெண்டு பக்கமும் ஒட்டுற ரேப்போட வாற ரெயில் வெறும் சோடனைக்கு, அதில ஒரு கிலோவும் ஏத்தாதேங்கோ.

பாரம் ஏத்தத்தான் வேணும் எண்டா ரெயிலே தேவையில்லை, இதை எனக்குச் சொன்னது அந்தக் கோண்டாவில் பெடியன். கதவு விளிம்பில கொளுவி இறுக்கிற குறுக்குப் பார் இருக்கு, டேர்சோ, இன்னோ எண்டு பேர் அடிச்ச ஜப்பான் சாமான், பாவிச்சது பஞ்சிகாவத்தையில கிடைக்கும், ஒரு ஓட்டையும் போடத் தேவையில்லை. கொளுக்கி மட்டும் காருக்குக் கார் வேற, அதையும் கேட்டு வாங்குங்கோ. மச்சான் எனக்கு அனுப்பினது இதுதான், விலை அந்த இரும்புப் பைப்பிலும் குறைவு. இந்த அளவு வேகன்களுக்குக் கூரையில பாரும் சேத்து 50 இல இருந்து 75 கிலோ வரைதான் பெரும்பாலும் சொல்லியிருப்பினம், காரோட வந்த புத்தகத்தில இருக்கு, சீமேந்துப் பை ஏத்திற எண்ணம் இருந்தா விடுங்கோ.

இதை இண்டைக்கு எழுதக் காரணம், அதே செற் திரும்ப விற்பனைக்கு வந்திட்டுது. இந்த முறை "ஏடி வேகன், கல்டினா, லான்சர் எல்லாத்துக்கும் பொருந்தும்" எண்டு போட்டிருக்கினம், மூண்டும் வேற வேற கொம்பனிக் கார், நிறம் கறுப்பு. வலப் பக்க ரெயிலின்ர நடுவில, கையை வைச்சுத் தடவினா ஒட்டின இடம் மேடாத் தட்டும், முன் காலின்ர அடியில அரம் போட்ட கீறல் இருக்கும், கறுப்பைச் சுரண்டினா வெள்ளி, அதுக்குக் கீழ பச்சை. ஆருக்காவது காட்டினா வாங்காதேங்கோ.